ஆறு கேள்விக்குறிகள்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மின்னஞ்சல் வழங்கிகளைப் பற்றி எழுத வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் தமிழ் இலக்கணம் எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. எழுத்து, சொல், பொருள் என்பதே தொல்காப்பியம் வகுத்த வரிசை. எழுத்துச் சிதைந்தால் சொல் சிதையும். சொல் சிதைந்தால் பொருள் கைநழுவும். இவ்வுண்மையை நான் வகுப்பறையில் மனப்பாடம் செய்தேன். பொருள் விளங்கியதோ 2001ஆம் ஆண்டில், என் தந்தையாரின் இறுதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது. அக்கடிதத்தில் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை. கேள்விக்குறிகளும் சில எண்களுமே இருந்தன. அவற்றிலிருந்து நான் எவற்றை மீட்டேன், எவற்றை மீட்க இயலாமற் போனேன் என்பதே இக்கட்டுரை.

தீப்பெட்டி ஆபீசும் கணக்கேடும்

எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணை. பாளையக்காரர் காலத்தில் ஒரு பாளையத்தின் தலைமையிடமாக விளங்கிய ஊர். கரிசல் மண், வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த நிலத்தில் மக்களுக்குச் சோறிட்டவை தீப்பெட்டியும் பட்டாசுமே. வெளியூரார் தொழிற்சாலை என்பதை எங்கள் ஊரார் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பர். அத்தகைய ஆபீஸ் ஒன்றில் என் தந்தையார் முப்பதாண்டுகளுக்கு மேல் கணக்கெழுதினார். எத்தனை கட்டை குச்சி அடுக்கினார்கள், எத்தனை குரோஸ் பெட்டி ஒட்டினார்கள் என்று பெயர் வாரியாகக் குறித்து வாரச் சம்பளம் போடுவது அவர் வேலை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பக்கத்துக் கணக்கை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் கூட்டுவார். இரண்டும் ஒத்துவந்த பிறகே 'ஆக' என்று எழுதி மொத்தத்தைக் குறிப்பார். "ஆகப் போடாத கணக்கு, மூடி போடாத பெட்டி" என்று அடிக்கடி சொல்வார். சிறுவயதில் அதனை ஒரு முதியவரின் பிடிவாதம் என்றே எண்ணியிருந்தேன்.

1999ஆம் ஆண்டு தொடக்கத்தில் கணிப்பொறிப் பழுதுநீக்கும் வேலை கிடைத்து நான் சிங்கப்பூர் சென்றேன். பயணத்துக்கான தொகையைத் தந்தையார் எங்கெங்கோ புரட்டினார். வங்கிக் கடன் போக எஞ்சியவை யாவும் கைமாற்று. கைமாற்றுக்குச் சீட்டில்லை, சாட்சியில்லை. வாங்கியவரின் நாணயமே பத்திரம். யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்பதை என் தாயாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

தொலைபேசிக் கட்டணம் கனத்திருந்த காலம் அது. சாத்தூரில் புதிதாகத் திறந்திருந்த 'பிரௌசிங் சென்டர்' ஒன்று எங்களுக்கு அஞ்சலகமாயிற்று. தந்தையார் பேருந்தேறிச் சென்று அங்கிருந்த இளைஞரின் அருகில் அமர்ந்து சொல்லச் சொல்ல, அவர் தமிழில் தட்டச்சிட்டு அனுப்புவார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிற்று. அதன்பின் நான்கே ஆண்டுகளில் கரிசல் காட்டுக் கணக்கர் ஒருவர் கடல் கடந்த மகனுக்கு மின்னஞ்சல் அனுப்பினார் என்பதை இன்று நினைத்தாலும் பெருமிதம் தோன்றுகிறது.

முதற் சிதைவு: உடை மாறியது

முதற்கடிதம் வந்தது. திறந்தேன். எழுத்தெல்லாம் தமிழ், ஆனால் ஒரு சொல்லும் தமிழன்று. மெய்யும் புள்ளியும் கொம்பும் முறையின்றிச் சிதறிக் கிடந்தன. தந்தையார் உடல்நலம் குன்றி ஏதோ பிதற்றிவிட்டாரோ என்றுகூட ஒரு கணம் அஞ்சினேன்.

காரணத்தைப் பின்னர் உணர்ந்தேன். கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று மனிதர் செய்துகொண்ட உடன்பாடே குறியீட்டு முறை. ஒரு பைட்டில் 256 இடங்கள் உள்ளன. முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் பிடித்துக்கொண்டன. மிஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளை அடக்க வேண்டும். எனவே எழுத்துகளைத் துண்டுகளாக்கி, காலுக்கு ஓரிடம், கொம்புக்கு ஓரிடம், மெய்க்கு ஓரிடம் எனப் பங்கிட்டனர். இதில் இன்னல் என்னவெனில், ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி பங்கிட்டனர் என்பதே. ஒருவர் எழுத்துருவில் எழுதியது மற்றவர் எழுத்துருவில் குழம்பிற்று.

இக்குழப்பத்தைத் தீர்க்கத் தமிழர் பலர் நாடு கடந்து உழைத்தனர். சுவிட்சர்லாந்திலிருந்து மயிலை எழுத்துருவை அளித்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவிலிருந்து முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் முதலியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இத்தகையோர் கலந்து பேசி வகுத்த பொதுமுறையே திஸ்கி. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற 'தமிழ்நெட் 99' மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு முறைகளை ஏற்றது. டாம் தமிழுக்கு மட்டும் உரியது. டாப் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவானது. கடல் கடந்த தமிழரிடையே திஸ்கி வழங்கிற்று. தாயகத்தில் டாப் பரவத் தொடங்கிற்று. சாத்தூர் நிலையத்தில் இருந்தது டாப். என்னிடம் இருந்தது திஸ்கி. தந்தைக்கும் மகனுக்கும் இடையே கடல் பிரித்தது போதாதென்று குறியீடும் பிரித்தது!

தீர்வு எளிதாக இருந்தது. டாப் எழுத்துரு ஒன்றைப் பெற்று நிறுவி, அதே கடிதத்தை அதில் திறந்தேன். 'அன்புள்ள மகனுக்கு' என்று அப்பா பேசினார். ஓர் எழுத்தும் குறையவில்லை. ஆள் அவரேதான்; உடைதான் மாறியிருந்தது. அடுத்த விடுமுறையில் ஊர் வந்தபோது சாத்தூர் நிலையத்தாருக்குத் திஸ்கி எழுத்துருவையும் மென்பொருளையும் நானே நிறுவிக் கொடுத்தேன். அதன்பின் எங்கள் கடிதப் போக்குவரத்து தடையின்றி நடந்தது.

இரண்டாம் சிதைவு: உறுப்புக் குறைந்தது

அடுத்த ஆண்டு, கோவையில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி தன் பயிலகத்தின் கணிப்பொறியிலிருந்து ஒரு கடிதம் எழுதினான். அது எந்த எழுத்துருவிலும் திறக்கவில்லை. 'அம்மா' என்று அவன் எழுதிய இடத்தில் ஒரு கூட்டற்குறி, சிறிய 'யு', பெரிய 'ஏ', ஒரு வியப்புக்குறி ஆகிய நான்கும் நின்றன.

இதன் காரணம் மின்னஞ்சலின் பிறப்பிலேயே உள்ளது. 1982ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அஞ்சல் விதி, ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட்டுகளை மட்டுமே எடுத்துச் செல்லக் கடமைப்பட்டது. ஆங்கிலத்துக்கு ஏழு போதும். தமிழெழுத்துகளோ எட்டாவது பிட்டால்தான் தமிழெழுத்துகளாகின்றன. பழைய வழங்கி ஏதேனும் வழியில் நின்று எட்டாவதைக் கத்தரித்துவிட்டால் ஒவ்வோர் எழுத்தின் எண்ணிலிருந்தும் 128 குறைந்துபோகும். திஸ்கி முறையில் 'க' என்பதன் எண் 184. 128 போனால் 56. அஃது ஆங்கில வரிசையில் '8' என்னும் எண்ணின் இடம். தம்பி எழுதிய ககரமெல்லாம் எட்டாக மாறியிருந்தன.

இந்நோய்க்கு மருந்து 1992ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நத்தானியேல் பொரென்ஸ்டைன், நெட் ஃபிரீட் என்னும் இருவர் வகுத்த 'மைம்' என்னும் முறை, எட்டுப் பிட்டு எழுத்துகளை ஏழு பிட்டுக்குள் அடங்கும் குறிகளாக மாற்றிப் பொதிந்து அனுப்பவும், மறுமுனையில் பிரித்துக்கொள்ளவும் வழி செய்தது. அத்துடன், 'இக்கடிதம் இன்ன குறியீட்டில் எழுதப்பட்டது' என்று தலைப்பில் அறிவிக்கவும் அது இடமளித்தது. ஆனால் மருந்து கடைக்கு வந்ததாலேயே எல்லா வீட்டிலும் நோய் தீர்ந்துவிடாதல்லவா? பழைய வழங்கிகள் பல்லாண்டுகள் பழையபடியே ஓடின.

தம்பியின் கடிதத்தை மீட்க ஓர் இரவு ஆயிற்று. ஒவ்வொரு குறிக்கும் 128 கூட்டிப் பார்த்தேன். '8' மீண்டும் 'க' ஆயிற்று. உண்மையிலேயே எட்டு என்று எழுதிய இடம் எது, ககரம் திரிந்த இடம் எது என்பதை மட்டும் சூழலறிந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஊனப்பட்ட உடலைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது போன்ற வேலை. எனினும் அடையாளம் காண முடிந்தது.

மூன்றாம் சிதைவு

2001ஆம் ஆண்டில் நான் ஒரு தவறு செய்தேன். அதுவரை கடிதங்கள் நான் வைத்திருந்த இலவச மின்னஞ்சல் முகவரிக்கு வந்துகொண்டிருந்தன. அலுவலகத்தில் எனக்குத் தனி முகவரி கிடைத்ததும், உடனுக்குடன் படிக்கலாமே என்னும் ஆவலில் அதனைத் தந்தையாருக்குக் கொடுத்தேன். சோதித்துப் பார்க்காமல் கொடுத்தேன். கணிப்பொறிப் பழுதுநீக்குவதையே தொழிலாகக் கொண்டவன் செய்யத்தகாத பிழை அது.

புதிய முகவரிக்கு அவர் அனுப்பிய முதற்கடிதமே இறுதிக் கடிதமுமாயிற்று. திறந்தபோது தொடக்கத்தில் கேள்விக்குறிகளால் ஆன ஒரு வரி. அதன்கீழ்க் கேள்விக்குறிகளாகவே நான்கு வரிகள். அவற்றையடுத்து இவ்வாறு இருந்தது:

????????? 1150
???????? 2000
???????? 450
??????? 700
????? 300
???? 5000
?????? 250
?? 9850
????

எழுத்துருவை மாற்றினேன், பயனில்லை. 128 கூட்டினேன், பயனில்லை. எங்கள் அலுவலக அஞ்சல் வழங்கி எட்டுப் பிட்டு எழுத்து ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு அவ்விடத்தில் கேள்விக்குறியை வைத்திருந்தது. 'க' வந்தாலும் '?', 'ம' வந்தாலும் '?'. எல்லா எழுத்தும் ஒரே குறியானபின் திரும்பிச் செல்ல வழி ஏது? முதற் சிதைவில் உடை மாறியது. இரண்டாவதில் உறுப்புக் குறைந்தது. மூன்றாவதில் உயிரே போயிற்று. மூலப்படி வழங்கியில் உள்ளதா என்று அலுவலகப் பொறியாளரிடம் கேட்டேன். இல்லை என்றார்.

"எழுத்து உடைந்துவிட்டது, பழைய முகவரிக்கு மீண்டும் அனுப்புங்கள்" என்று மறுமொழி எழுதினேன். அதனைப் படிக்க அவர் சாத்தூருக்கு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் தொலைபேசி ஒலித்தது. நெஞ்சுவலியால் மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற இரவிலேயே அவர் காலமானார் என்று தம்பி சொன்னான்.

வாசிப்பு

ஊர் வந்து சடங்குகள் முடிந்தபின், அச்சிட்டு வைத்திருந்த அக்கடிதத்தை எடுத்தேன். எண்கள் ஏன் பிழைத்தன என்பது எனக்குத் தெரியும். 0 முதல் 9 வரையிலான எண்கள் முதல் 128 இடங்களைச் சேர்ந்தவை. ஏழு பிட்டுக்குள் அடங்குபவை. எந்த வழங்கியும் அவற்றைத் தொடுவதில்லை. ஏழு தொகைகள், எட்டாவதாக 9850. கூட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழாகவும் 9850. கீழிருந்து மேலாகவும் 9850. அப்பா 'ஆக' போட்டிருக்கிறார்! அப்படியானால் வரி எதுவும் விடுபடவில்லை. எண் எதுவும் திரியவில்லை. கணிப்பொறியாளர்கள் செய்தியோடு ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்தனுப்புவதன் பயனைப் பல நூல்களில் படித்திருக்கிறேன். முப்பதாண்டு கணக்கெழுதிய கை அதனை இயல்பாகவே செய்திருந்தது.

அவை கைமாற்றுக் கடன்கள் என்பதில் ஐயமில்லை. தொகை தெரிந்தது, பெயர் தெரியவில்லை. கடன் கொடுத்தவர்கள் துக்க வீட்டில் வந்து வாய் திறப்பார்களா? எங்கள் ஊரில் திறக்க மாட்டார்கள். அவர்கள் கேட்கவில்லை என்பதற்காக நாம் மறந்துவிடலாமா?

சாத்தூர் நிலையத்துக்குப் போனேன். தட்டச்சிட்ட இளைஞர் வேலையை விட்டு வெளியூர் போய்விட்டார். அனுப்பிய கடிதத்தின் படியைச் சேமிக்க வேண்டுமா என்னும் கட்டத்தில் எவரும் குறியிடவில்லை. அதே கணிப்பொறியில் அமர்ந்து ஒரு சோதனைக் கடிதம் தயாரித்தேன். பதினெட்டு மெய்களையும், ககர வரிசை உயிர்மெய்கள் முழுவதையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சிட்டு என் இரு முகவரிகளுக்கும் அனுப்பினேன். சிங்கப்பூரில் உடன் பணியாற்றிய நண்பரிடம் அலுவலக முகவரிக்கு வந்ததைப் பார்த்துச் சொல்லுமாறு வேண்டினேன். இலவச முகவரியில் கடிதம் நலமாக வந்து சேர்ந்தது. அலுவலக முகவரியில் வெறும் கேள்விக்குறிகள்.

பிழை யாருடையது என்பதும் அன்று விளங்கிற்று. சாத்தூரிலிருந்து சென்ற கடிதத்தின் தலைப்பில் குறியீட்டின் பெயர் திஸ்கி என்று இல்லை. ஏழு பிட்டு ஆங்கிலம் என்றே இருந்தது. ஏழு பிட்டு என்று அறிவித்துவிட்டு எட்டுப் பிட்டு எழுத்தை உள்ளே வைத்தால், விதிப்படி நடக்கும் வழங்கி அதனை அயலெழுத்து என்று விலக்கத்தானே செய்யும்? எங்கள் தீப்பெட்டியே இதற்குச் சான்று. பாதுகாப்புத் தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் உள்ள மருந்து. பெட்டியின் பக்கவாட்டில் செம்பாசுவரம். இரண்டும் உரசினால்தான் நெருப்பு. குச்சி எத்தனை நல்லதாயினும் சுவரில் உரசிப் பயனில்லை. எழுத்து குச்சி, குறியீட்டு அறிவிப்பு பெட்டியின் பக்கம். ஒன்றில்லாமல் மற்றொன்று ஒளிதராது.

நண்பர் சொன்ன விவரத்தில்தான் எனக்குத் திறவுகோல் கிடைத்தது. "எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு கேள்விக்குறி இல்லை" என்றார் அவர். 'க்', 'க', 'கு', 'கூ' ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. 'கா', 'கி', 'கீ', 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றுக்கு மும்மூன்று. திஸ்கி முறை எழுத்தின் வடிவத்தைத் துண்டாக்கி வைப்பது. 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. துண்டுக்கொரு பைட்டு, பைட்டுக்கொரு கேள்விக்குறி. உயிரெழுத்துக்கு ஒன்று, டகர வரிசையில் 'டி', 'டீ' மட்டும் விதிவிலக்காக ஒன்றே. எழுத்துகள் அழிந்தன, அவற்றின் நீளம் அழியவில்லை! செய்யுளில் மாத்திரையை எண்ணுவதுபோல் எண்ணத் தொடங்கினேன்.

முதல் வரியில் ஐந்தும் ஐந்தும். 'அன்புள்ள மகனுக்கு'. இறுதியில் நான்கு. 'அப்பா'. ஒன்பதாவது நாள் அக்கடிதத்தில் நான் வாசித்த முதற் சொற்கள் இவை.

கடன் பட்டியலில் தந்தையார் ஆட்பெயர் எழுதுவதில்லை; தொழிற்பெயரோ உறவுப்பெயரோதான் எழுதுவார். அதுவே எனக்கு உதவிற்று. ஒன்பது குறி, 'மளிகைக்கடை'. ஏழு குறி, 'பால்காரர்'. ஐந்து குறி, 'டீக்கடை'. இம்மூவரிடமும் தொகையைச் சொல்லாமலே "அப்பா ஏதேனும் தர வேண்டியுள்ளதா?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கி அவர்கள் சொன்ன தொகைகள் தாளில் இருந்தவற்றோடு ஒத்தன.

எட்டுக் குறிகள் இரண்டு வரிகளில் இருந்தன. 'வாத்தியார்' எட்டு, 'தையல்காரர்' எட்டு. ஒன்று 2000, மற்றொன்று 450. ஓய்வூதியம் பெறும் வாத்தியார்தான் 2000 கொடுத்திருப்பார் என்று முடிவு செய்து அவரிடம் சென்றேன். "உங்கப்பா வாங்கினது நானூற்றைம்பது, தம்பி. அதற்கு மேல் ஒரு பைசா இல்லை" என்றார். ஒற்றைத் தையல் எந்திரத்தை நம்பி வாழ்ந்த தையல்காரரிடம் சென்றேன். அவர் தலை நிமிராமல், "ரெண்டாயிரம். மெதுவாத் தரலாம் தம்பி, இப்ப என்ன அவசரம்?" என்றார். வசதியுள்ளவர் கூடுதலாகவும் இல்லாதவர் குறைவாகவும் கொடுத்திருப்பர் என்னும் என் கணிப்பு அங்கே தோற்றது.

அடுத்தது நான்கு குறி, 5000. நான்கு என்பது பெருந்தொல்லை தரும் எண். அம்மா, அப்பா, மாமா, தம்பி, அத்தை எல்லாமே நான்கு. தமிழ் என்பதும் நான்குதான். தாய்மாமன்தான் என்று நினைத்துக் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை என்றார். எஞ்சியவர் அத்தை, அப்பாவின் உடன்பிறந்த தங்கை. கணவரை இழந்தவர். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெட்டி ஒட்டி, ஒரு குரோசுக்கு 144 பெட்டி என்னும் கணக்கில் சம்பாதித்தவர். ஐயாயிரம் என்பது அவருக்கு எத்தனை பெட்டி என்று எண்ணிப்பார்க்கவே எனக்கு அச்சமாக இருந்தது.

"எங்கண்ணன் எங்கிட்ட எதுவும் வாங்கலியே, ராசா" என்றார் அத்தை.

தாளைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்கு கேள்விக்குறிகளின் மேல் விரலை வைத்து, "இது நீங்கள்தான் அத்தை. அப்பா எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்" என்றேன். வளைந்த அக்குறிகளை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "எம்பேரு இப்படியா இருக்கும்?" என்று கேட்டார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லாதேன்னு சொல்லித்தானே குடுத்தேன். எழுதியா வச்சுட்டாரு?" என்றார்.

பணத்தை அவர் கையில் வைத்தேன். வாங்க மறுத்தார். "அண்ணன் எழுதின கணக்கை நான் எப்படி மாற்றுவது?" என்ற பிறகே வாங்கிக்கொண்டார்.

எஞ்சிய வரி

ஆறு குறி, 250 ரூபாய். 'முதலாளி' என்பது ஆறு; 'கண்டக்டர்' என்பதும் ஆறு. ஆபீஸ் முதலாளி ஏட்டைப் புரட்டிக் காட்டி, அப்பாவின் கணக்கு நேராகிவிட்டது என்றார். சாத்தூர்த் தடத்தில் ஓடிய பேருந்து நடத்துநர்கள் சிலரைத் தேடிக் கேட்டேன், எவருக்கும் நினைவில்லை. ஒருவேளை நான் எண்ணியே பாராத வேறொருவராக இருக்கலாம். அவ்வரி இன்றும் தீரவில்லை.

அந்த நான்கு உரைநடை வரிகளும் அப்படியே உள்ளன. எத்தனையோ இரவுகள் எண்ணிப் பார்த்துவிட்டேன். எண்ணுள்ள வரிகளுக்குத் துணையாக ஊரார் நினைவு இருந்தது. இறுதியில் ஒரு கூட்டுத்தொகையும் இருந்தது. மகனுக்குத் தந்தை சொன்ன சொல்லைச் சரிபார்க்க எந்தக் கூட்டுத்தொகையும் இல்லை. எனக்கு உகந்த சொற்களை அக்கட்டங்களில் நிரப்பிவிடலாம். ஆனால் அவை அப்பாவின் சொற்கள் ஆகா. அதனால் நிரப்பவில்லை.

இன்றைய மாணவர்க்கு இவையெல்லாம் பழங்கதையாகத் தோன்றக்கூடும். உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு 1991ஆம் ஆண்டு வெளிவந்தபோதே அதில் தமிழுக்கும் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டு கென் தாம்சன், ராப் பைக் ஆகியோர் வகுத்த யூடிஎஃப்-8 என்னும் முறை, அவ்வெண்களைப் பைட்டுகளாக்கி அனுப்பும் வழியைத் தந்தது. ஆயினும் சிற்றூர் நிலையங்களின் பழைய கணிப்பொறிகளுக்கு அது வந்து சேரக் காலம் பிடித்தது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. இன்று ஏழாயிரம்பண்ணைப் பெட்டிக்கடைக்காரர் கைப்பேசியில் தட்டும் தமிழ், உலகின் எம்மூலையிலும் தமிழாகவே விரிகிறது.

தமிழ் பயில்வோர் எண்ணி மகிழ வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை வைத்தது. கொம்பு முன்னே, மெய் பின்னே. யூனிகோடோ காது கேட்கும் வரிசையில் வைக்கிறது. மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியம் கூறும் நெறியன்றோ!

மாணவச் செல்வங்களுக்கு என் பட்டறிவிலிருந்து சில சொற்கள். உங்கள் வீட்டிலும் கல்லூரியிலும் பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் உறங்கிக்கொண்டிருக்கலாம். திறந்ததும் குழம்பித் தோன்றினால் பயனற்றவை என்று அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் உடை மட்டுமே மாறியிருக்கும். குழம்பிய நிலையிலேயே சேமித்தும் விடாதீர்கள். மீட்கக்கூடிய சிதைவு அந்தச் செயலாலும் மீளாத கேள்விக்குறியாகிவிடக்கூடும். மூலத்தைத் தொடாமல் படியெடுத்து, அந்தப் படியை யூனிகோடுக்கு மாற்றுங்கள். புதிய வழி ஒன்றில் முதன்முதலாக எதையும் அனுப்புமுன், ஒரு சொல்லையேனும் அனுப்பிச் சோதியுங்கள். அந்தச் சிறு சோதனையை நான் செய்யாததன் விலை நான்கு வரிகள்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எங்கள் பகுதியில் 2001ஆம் ஆண்டுக்கு முன், ஏழாயிரம்பண்ணைத் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர் ஒருவருக்கு 250 ரூபாய் கைமாற்றுக் கொடுத்தவர் எவரையேனும் தாங்கள் அறிந்திருந்தால், அவரோ அவர்தம் மக்களோ தயங்காமல் என் வீட்டுக்கு வரலாம். அப்பாவின் கணக்கில் அந்த வரி இன்னும் திறந்தே இருக்கிறது.